பருப்பு வாளி

வெருலத்தில் ஒரு டர்போ பார்த்து வைத்திருந்தான் தம்பி ரிஷிகேன்.
"பதினாலாயிரம் ரேண்ட்தான் அக்கா,
மாட்டிவிட்டால் உன் சிட்டி கோல்ஃப் பறக்கும்."

பறந்து எங்கே போக?
பின்சீட்டில் பிரியாணி அண்டா.
முன்சீட்டில், பெல்ட் போட்டு,
ஒரு மாமியாரைப் போல நிமிர்ந்து
இருபது லிட்டர் பருப்பு வாளி.

டோங்காட்டில் சனிக்கிழமை என்றால்
ஒரு கல்யாணம், ஒரு பதினாறாம் நாள்,
சில வாரம் இரண்டும் ஒரே தெருவில்.
எனக்கு இரண்டுக்கும் அதே பருப்புதான்.

சீட்டுத் துணியில் மஞ்சள் கறை.
ஒவ்வொரு வேகத்தடையும் தன் பங்கைச் சிந்திவிட்டுப் போனது.
ஷாக் அப்ஸார்பர் செத்து மூன்று வருஷம்:
ஒரு குழியில் இறங்கினால்
அடுத்த குழி வரை ஆடிக்கொண்டே வரும் வண்டி.

போன ஆகஸ்டில்
கரும்பு லாரிகள் உதிர்த்த சேற்றின்மேல்
முதல் தூறல் விழுந்த காலையில்
மில் வளைவில்
பின்பக்கம் என்னைக் கேட்காமல் கிளம்பியது.
நான் இடதுபக்கம் திருப்பினேன், வண்டி கரும்புக்குள் போனது.
எனக்கு ஒன்றுமில்லை.
நூற்றிருபது பேர் அன்று
பருப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.
அதை இன்னும் சொல்கிறார்கள்.

டயர்கள் பார்க்கப் புதுசுதான். கறுப்பு, பள்ளம் நிறைய.
டயர்க் கடை புசானி பக்கவாட்டில் விரல் வைத்து
நான்கு எண்களைப் படித்தான்: இரண்டு மூன்று, ஒன்று நான்கு.
இரண்டாயிரத்துப் பதினாலு, இருபத்து மூன்றாம் வாரம்.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
முந்தாநாள் வடை.

அவன் தரை கழுவி முடித்த நேரம் அது.
ஜாக்கி ஏறியது, வண்டி எழுந்தது.
ஈர சிமெண்டில் நான்கு உலர்ந்த இடங்கள்.
குனிந்து கை வைத்தேன்.
ஒவ்வொன்றும் என் உள்ளங்கை,
கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டைவிரல்.

என்ஜின், அதன் குதிரைகள்,
அண்டா, வாளி, நான்,
பேங்கில் பாக்கியிருக்கும் கடன்
எல்லாம் இந்த நான்கு கைகளால்தான்
தரையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

டர்போவுக்கு வேண்டாம் என்றேன்.
ஈரத்துக்கு இளகிய ரப்பர், நான்கு.
நான்கு ஷாக். தேய்ந்த புஷ்கள்.
பார்க்க அழகாக இருக்கும், தாழ்த்தட்டுமா என்றான் புசானி.
வேகத்தடைகளின் பெயரைச் சொன்னேன், விட்டுவிட்டான்.
கடைசியில் அலைன்மெண்ட்.
முன்சக்கரம் இரண்டும் இத்தனை நாள்
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

பதினோராயிரத்து எண்ணூறு.
வெளியே வந்தால் வண்டி அதே வண்டி.
பம்பரில் அதே நெளிவு.
"பணத்தை எங்கே போட்டாய்?" என்றான் தம்பி.
"கீழே."

அடுத்த வாரம் ரோபோ சிவப்பில்
மழையில் பக்கத்தில் வந்து நின்றான், அவனுடைய போலோவில்.
அந்த டர்போ இப்போது அதில்.
பச்சை விழுந்தது.
அவன் சக்கரங்கள் அதே இடத்தில் சுற்றின,
கிறீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் வாசனை.
நான் அவசரமே இல்லாமல் கிளம்பினேன்.
கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டு வந்தான்.

பிறகு மில் வளைவு.
அதே சேறு. அதே தூறல்.
ஸ்டியரிங் வழியாகச் சாலை கைக்கு வந்தது,
மாவு பிசையும்போது தண்ணீர் போதுமா என்று
விரலுக்குத் தெரியுமே, அப்படி.
வாளி மூடிக்குக் காது கொடுத்தேன்.
மூடி ஒன்றும் சொல்லவில்லை.

ஹாலில் திறந்து பார்த்தேன்.
ஊற்றின மட்டத்துக்கு மேலே
ஒரு விரல் அகலம் மட்டும் மஞ்சள் கோடு.
அவ்வளவுதான் அது நகர்ந்திருக்கிறது,
பதினேழு கிலோமீட்டரில்.

யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது.
பெண்ணின் அத்தை கரண்டியோடு வந்தாள்.
நக்கிப் பார்த்தாள்.

"உப்பு கம்மி, மோகாம்பரி."