நாற்பது அடி

மூன்று பிரதேச சபைக்கு ஒரு ரோலர்.
வாங்கிய காசில் பாதி எங்களது,
கால்வாசி ஆற்றுக்கு அப்பாலுள்ள சபையினது,
மிச்சக் கால்வாசி இன்னும் வரவில்லை,
வருமென்று கடிதம் மட்டும் வந்திருக்கிறது.

திங்களும் செவ்வாயும் எங்களுக்கு.
புதன் அவர்களுக்கு.
வியாழன் கடிதம் எழுதியவர்களுக்கு.
வெள்ளி மழைக்கு.
மழை எந்த ஒப்பந்தத்திலும் ஒப்பமிடவில்லை,
ஆனாலும் தன் முறையை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ரன்னிங் சார்ட் என் மேசையில்.
மீட்டர் மணி, டீசல் லீற்றர், பயணத்தின் காரணம்.
காரணத்துக்கு விட்ட கட்டம்தான்
இருப்பதிலேயே சிறியது.

ஓட்டுவது ஜயலத்.
பேசினால் சிங்களம், ஏசினால் தமிழ்.
பின்னால் மருதை, மண்வெட்டியும் சிவப்புத் துணியுமாக.
கொழுந்துச் சாக்கோடு ஏறுகிற பெண்கள்
ரோலரைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்து
"அண்ணே, ரொம்ப அவசரமோ?" என்பார்கள்.

அந்தச் செவ்வாய்
கல்லுமலைத் தோட்டத்து ரோட்டில்
எங்கள் கிரவல் முடிந்த இடம் மதகு.
மதகோடு எங்கள் சபையும் முடிகிறது.
மணி மூன்றே முக்கால்.
ஒரு பக்கம் மண்திட்டு,
மறுபக்கம் எட்டிப்பார்த்தால் கீழ் லயத்துத் தகரம்.
எட்டுத் தொன் இரும்பு அங்கே எப்படித் திரும்பும்?
அகலமான இடம் கொழுந்து மடுவத்தடியில்,
மதகுக்கு அப்பால்
நாற்பது அடி.

போனது.
சில்லு புதையாதிருக்க
மிஞ்சிய கிரவலை மருதை அள்ளிப் போட்டான்.
போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம்,
அவ்வளவுதான் மிதித்தது.

பதினோராம் நாள் கடிதம்.
எங்கள் எல்லைக்குள்,
எங்கள் அனுமதியின்றி,
எங்கள் முறையல்லாத கிழமையில்.
சிங்களத்தில் 'பிரவேசம்' என்றிருந்ததை
எங்கள் மொழிபெயர்ப்பாளர் 'அத்துமீறல்' ஆக்கியிருந்தார்.
கூட்டத்தில் மூன்று தவிசாளர்கள், இரண்டு தட்டு மாலுபாண்.
0.2 மணித்தியாலம் யார் கணக்கில்?
ஒன்றரை லீற்றர் டீசல் யார் தலையில்?
அந்த ரோட்டே கம்பனியுடையது என்றார் ஒருவர்.
கம்பனி எழுதிய பழைய கடிதத்தை எடுத்துக்காட்டினேன்:
அது சபையுடையதாம்.
எந்தச் சபை என்று அதில் இல்லை.
தீர்மானம்: அடுத்த கூட்டத்தில் பார்ப்பது.

சனிக்கிழமை அந்தப் பக்கம்
ஒரு சாவு வீட்டுக்குப் போனேன்.
ஆட்டோக்காரப் பையன் சுகிர்தன்
குழியெல்லாம் முதல் கியரில் இழுத்துக்கொண்டு வந்தவன்
மடுவத்தடியில் சட்டென்று
இரண்டு போட்டான், மூன்று போட்டான்.
முகத்தில் காற்று.
ஒரு மூச்சு நேரம்.
பிறகு மதகு வருமுன்னே மறுபடி இரண்டு.
"இதுக்காகத்தான் மிஸ், நான் இந்த ஹயருக்கு வாறதே"
என்றான்.
எங்கள் பக்கத்து ரோட்டில்
அவன் அப்படிச் சிரிக்கவில்லை.
அது நல்ல ரோடு,
ஒப்புதலோடு போட்டது.

போன செவ்வாய் மதகு இறங்கியிருந்தது,
திரும்பவும் எங்கள் ரோலர், திரும்பவும் மூன்றே முக்கால்.
ஜயலத் போன் எடுத்தான்:
"மிஸ், மடுவத்தடியில கொழுந்து லொறி நிக்குது.
குறுக்கால.
சாவி இல்லையாம். டிரைவர் டீ குடிக்கப் போனாராம்.
இருபது பொம்பிளையள் சுத்தி நிக்கினம்,
ஒருத்தரும் ஒண்டும் சொல்லல.
பக்கத்தில கிரவல் குவிச்சிருக்கு,
யார் கொட்டினதெண்டு கேட்டா
வானத்தைப் பாக்கினம்.
ஒதுங்கிப் போகலாம், திரும்பத்தான் ஏலாது."

அடுத்த அகலம் எங்கே என்றேன்.

"கோயில் முடக்கில.
அறுநூறு அடி வரும்."

ஜன்னலுக்கு வெளியே
வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது மேகம்.
பேனையைத் திறந்தேன்.
அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதினேன்:

திரும்ப இடமில்லை.