பத்துக்கு ஆறரை

கரண்ட் போன பின்னேரம்.
டோர்ச் வெளிச்சத்தில் பழைய இதழ்களைப் புரட்டுகிறேன்,
என் விளையாட்டு விமர்சனங்கள் வந்த பக்கங்களை மட்டும்.

மார்கழி:
கப்பலில் வரும் வீரன்
துறைக்கொரு பெண்ணோடு படுக்கிறான்.
ஒன்பது பெண்கள். ஒருத்தியின் பெயரும் ஞாபகமில்லை.
கவசமென்று அவர்கள் போட்டிருந்தது
என் கைலேஞ்சியளவு இரும்பு.
எழுதியிருக்கிறேன்:
‘நிழல்கள் அபாரம். தண்ணீர் நிசத் தண்ணீர்போல.
பத்துக்கு ஒன்பது.’

மாசி:
வெளிச்சவீட்டில் வேலைபார்க்கும் இரண்டு பெண்கள்.
மழை. ஒருத்தி மற்றவளின் தலை துவட்டுகிறாள்.
முத்தம்.
எழுதியிருக்கிறேன்:
‘தேவையில்லாத காட்சி. குடும்பத்தோடு விளையாட ஏலாது.
பத்துக்கு ஆறரை.’

குடும்பத்தோடு நான் எதை விளையாடினேன்?
அறைக்கதவைச் சாத்தி,
ஹெட்போன் மாட்டி,
அம்மா தேத்தண்ணியோடு வந்தால்
திரையைச் சட்டெனச் சின்னதாக்கி.

பத்திக்கு ‘நடுநிலை’ என்று பெயர் வைத்ததும் நான்தான்.

பலாலி வீதியில் போன் திருத்துகிற சேந்தினி
அப்போதே கேட்டாள்:
“நாலு செக்கன் முத்தத்துக்கு ரெண்டரைப் புள்ளி எண்டால்
ஒரு செக்கன் என்ன விலை?”
அது என்ர ரசனை, என்றேன்.
“அப்ப அதுக்கு ஆர் புள்ளி போடுறது?”
என் போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

வெட்கம் பிடுங்கியது.
சித்திரையில், இரண்டு ஆண்கள் காதலிக்கும் ஒரு விளையாட்டுக்குப்
பத்துக்குப் பத்து.

அதை நம்பி அவள் வாங்கினாள்.
“சரியான அலுப்பு.
கதவு திறக்குது, மூடுது, திரும்பத் திறக்குது.
அந்தப் பெடியளுக்குக் கதைக்கவே ஒண்டுமில்லை.
ரெண்டு முறையும் நீர் விளையாட்டைப் பாக்கேல்லை,
உம்மைத்தான் பாத்திருக்கிறீர்.
என்ர காசைத் தாரும்.”

பாதிக் காசு கொடுத்தேன்.

கரண்ட் வந்துவிட்டது.
வெளிச்சவீட்டை மறுபடி திறக்கிறேன்.
மழை. துவாய். இரண்டு முகங்கள்.
விரல் தன்பாட்டில் தாண்டும் பொத்தானுக்குப் போகிறது.
போன முறையும் போயிருக்கிறது.
நாலு செக்கன் என்பது அவள் எண்ணிய கணக்கு.
நான் இரண்டாவதிலேயே அமுக்கியவன்.

கையை மடியில் வைத்திருக்கிறேன்.
மூன்று.
நாலு.

முத்தத்துக்குப் பிறகு
ஈரத்தலையோடு ஒருத்தி ஏணியேறி
விளக்கை மூட்டுகிறாள்.
எங்கோ தூரத்தில் ஒரு வள்ளம்
பாறையிலிருந்து விலகித் திரும்புகிறது.

இதைப்பற்றி என் விமர்சனத்தில்
ஒரு வரியும் இல்லை.