பாதி உந்து

திரும்பச் சொன்னோம். திரும்பிவிட்டது,
முப்பது பாகை, மயிரிழை பிசகில்லை.
இறக்கைகளுக்குத்தான் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.

பதினெட்டு மீட்டர் சூரியத் தகடு.
உடல் நின்ற பிறகும்
பதினோரு விநாடிக்கு ஒருமுறை
மேலேறிக் கீழிறங்குகிறது.
தேய்த்து நிறுத்தக் காற்றுமில்லை அங்கே.

கிரூனாவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வந்திறங்கிய படத்தில்
உறைகடலின் விளிம்பு இரண்டிரண்டாய்த் தெரிந்தது.
"குடித்திருக்குமோ?" என்றான் ஹால்வார்.
தூலிக்கி சிரிக்கவில்லை.

சக்கரத்தை முரட்டுத்தனமாய் எதிரே முறுக்கினால்
அந்த முறுக்கே அடுத்த நடுக்கம், என்றாள்.
உந்துவதை இரண்டாக உடை.
பாதி முதலில்.
மீதி, ஐந்தரை விநாடி பொறுத்து,
அலை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்போது.
நடுக்கத்தை நடுக்கமே தின்னட்டும்.

எழுதி அனுப்பினோம்.
அடுத்த சுற்றுக்குத் தொண்ணூற்றாறு நிமிடம்.
காபி ஆறி, ஏடு கட்டி,
யாரும் குடிக்காமல் கிடந்தது.

திரையில் கோடு எழுந்தது.
ஏதோ சொல்ல வாயெடுத்து,
சொல்லாமல் படுத்துக்கொண்டது.
ஹால்வார் மேசையைத் தட்டினான்.
மேசை ஆடியது.

விடியாத காலை ஆறு மணி.
என் காரில் வரும்போது
தம்பி எஸ்கிலைக் கூப்பிட்டாள்.
அப்பாவின் படகு யாருக்கு என்று
ஆகஸ்டில் அறுந்த பேச்சு.

"நான்தான்" என்றாள். அவ்வளவுதான்.
கையுறைக்குள் விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன்:
ஒன்று, இரண்டு,
மூன்று,
நான்கு

"படகுக்குத் தார் பூசணும்" என்றது போன்,
கொரகொரவென்று.