வெள்ளிவிழா, மூன்றாம் நாள்

தக்கலை. மே மாதத்துக் கல்யாண மண்டபம்.
கோடை இசைவிழாவுக்கு இது இருபத்தைந்து;
மிக்சர் பெட்டிக்குப் பின்னால் எனக்கு ஒன்பது.

நேற்று இரட்டை நாதஸ்வரம்.
மைக்கை ஆறடி தள்ளி வைத்தும்
முள் சிவப்பைத் தொட்டது.
இன்று காலை முளகுமூட்டுப் பிள்ளைகளின் வயலின் வரிசை,
மதியம் இடைக்கா.
எல்லாம் பெட்டிக்குள் அடங்கும்.

ராகம் எனக்குத் தெரியாது.
தாணம்மை டீச்சர் பாடினால்
மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கணும்,
அது தெரியும்.
சஹானா என்று அறிவித்தார்கள்.
இருக்கலாம்.

சரணத்தின் நடுவில் மழை. கூடவே கரண்டு போச்சு.
ஜெனரேட்டர் செலஸ்டின்
சக்கை வெட்டின கையோடு நிற்கிறான்,
அரக்கு ஒட்டி டீசல் மூடி திருகவில்லை.

டீச்சர் நிறுத்தவில்லை.

இவ்வளவு சின்னக் குரலா!
நான்தான் பெரிசாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
விசிறிகள் ஓய்ந்த மண்டபம்
நாற்காலி நாற்காலியாக முன்னால் நகர்ந்தது.
தகரக் கூரையில் மழை;
ஒரு சொல் தவறிப்போகும்,
அடுத்தது நனையாமல் வந்து சேரும்.

பிறகு
பெட்டியில் பச்சை விளக்குகள்.
"மைக்கு, மைக்கு" என்று
செயலாளர் கையை ஆட்டுகிறார்.

ஒயரைப் பார்ப்பதுபோல்
குனிந்துகொண்டேன்.