பிரிவு நான்கு, உட்பிரிவு இ

நீக்கும் சொற்களின் குறுக்கே சிவப்புக் கோடு.
சேர்க்கும் சொற்களின் அடியில் நீலக் கோடு.
பிப்ரவரி. மொன்டானா.
ஹீட்டர் இருமிக்கொண்டே இருக்கும்
மாவட்டச் சுகாதார அலுவலக அறையில்
வெறிநோய்த் தடுப்பு விதிகளைப்
புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

"நோய் உறுதியான விலங்கோடு சண்டையிட்ட நாய்,
அதன் தடுப்பூசி காலாவதியாகியிருப்பின்,
தாமதமின்றிக் கொல்லப்பட வேண்டும்."

செயப்பாட்டு வினை.
யார் கொல்வது என்று வாக்கியத்தில் இல்லை.
எனக்குத் தெரியும்.
ஊசியைப் பிடித்தவர் ரஸ் ஸ்விகர்ட்,
விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலர்,
அன்று அவர் கையுறையைக் கழற்றவே இல்லை.
ஆணையில் கையெழுத்து என்னுடையது.

பதினோரு வருடம் முன்பு
பட்டப்பகலில் ஒரு ஸ்கங்க்
கன்று ஈனும் கொட்டகைக்குள்
குடித்தவனைப் போலக் கோணலாக நடந்து வந்தது.
வெண்டெல் ஆஸ்கியின் நாய் டல்லி
குறுக்கே பாய்ந்து அதைக் கவ்வி உதறியது.
ஸ்கங்கின் தலை பனிக்கட்டிப் பெட்டியில்
ஆய்வகத்துக்குப் போனது.
வியாழக்கிழமை பதில் வந்தது: உண்டு.

டல்லியின் ஊசி காலாவதியாகி
பத்தொன்பது நாள்.
"பனியில் சாலை மூடிக் கிடந்தது" என்றார் ஆஸ்கி.
சாலையைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.
அவரே தூக்கிக்கொண்டு வந்து
எங்கள் வண்டியில் ஏற்றினார்.
நாய் அவர் காதை நக்கியது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது எழுதுகிறேன்:
"உடனே மறு ஊசி போடப்பட்டு
நாற்பத்தைந்து நாள்
உரிமையாளரின் கண்காணிப்பில் வைக்கப்பட வேண்டும்."
நீலக் கோடு.

கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
எங்கோ எத்தனையோ நாய்களைக் கூண்டில் வைத்துப்
பார்த்துப் பார்த்துக் குறித்த கணக்கு இது.
ஊசியே போடாத நாய்க்கு இன்னும்
நான்கு மாதத் தனிமை, இரட்டைக் கதவு.
முன்பு ஆறு.
தூங்கும் குழந்தையின் அறையில்
வௌவால் அகப்பட்டால்
இப்போதும் அதன் தலை வேண்டும், நசுங்காமல்.
கிருமி விதி படிப்பதில்லை.
கடித்த இடத்திலிருந்து நரம்பைப் பிடித்து
அவசரமே இல்லாமல்
மூளைக்கு ஏறிக்கொண்டிருக்கும்.
அது போய்ச் சேர்ந்தபின்
எங்களிடம் விதி எதுவும் இல்லை.

பொது விசாரணைக்கு முப்பது நாற்காலி போட்டோம்.
வந்தது மூன்று பேர்.
கால்நடை மருத்துவர் மார்னி லட்கி
ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், சரியாகவே.
ஒருவர் உரிமக் கட்டணம் ஏறுமா என்று கேட்டார்.
மூன்றாமவர் தொப்பியை மடியில் வைத்திருந்தார்.
தொப்பி இல்லாததால்
எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"எப்போது அமலுக்கு வரும்?"
"ஜூலை ஒன்று, மிஸ்டர் ஆஸ்கி."
"முன்தேதியிட்டு இல்லையா?"

கட்டணக்காரர் சிரித்தார்,
பிறகு நிறுத்திக்கொண்டார்.
"இல்லை" என்றேன்.
அவர் தலையசைத்தார்,
வைக்கோல் விலையைக் கேட்டுக்கொண்டவர் போல.

குறிப்பேட்டில் எழுதினேன்:
"ஒரு கேள்வி எழுப்பப்பட்டது.
விளக்கம் அளிக்கப்பட்டது."
மறுபடியும் கை இல்லாத வாக்கியம்.
அடித்துவிட்டு எழுதினேன்:
வெண்டெல் ஆஸ்கி கேட்டார். நான் இல்லை என்றேன்.
மேலதிகாரி இதை மாற்றுவார்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
அவர் பிக்கப்பின் முன்னிருக்கையில்
காது ஒன்று மடிந்த ஏதோ ஒரு நாய்.
கழுத்துத் தகடு மினுங்கியது.
இந்த வருடம் தகடு மணி வடிவம்,
இங்கிருந்தே தெரிகிறது.

மேசைக்குத் திரும்பினேன்.
கோடு விழுந்தாலும்
"கொல்லப்பட வேண்டும்" தெளிவாகவே படிக்க முடிகிறது.
நடைமுறை அப்படி:
எதை நீக்குகிறோம் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.
ஜூலையில் சுத்தப் பிரதி அச்சாகும்,
கோடில்லாமல்,
எப்போதும் இப்படித்தான் இருந்தது போல.

வரைவின் ஒரு நகலை
என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.
அதற்கு அனுமதி உண்டா என்று
இன்னும் பார்க்கவில்லை.