மீதி ஒன்று

என் மகள் எத்தனை மணிக்குப் பிறந்தாள்
என்று கேட்கிறார் கார்யோ.
மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. காதில் பென்சில்.
கிளாட்டனில், ரயில் போகும்போதெல்லாம்
டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வீட்டில்
பாய்மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை, என்றேன்.
சந்தைநாள்?
வாகே.

எங்களுக்கு வாரம் இரண்டு.
ஏழு நாளில் ஒன்று, ஐந்து நாளில் ஒன்று.
பிறந்தவர் எவரும் இரண்டிலும் மாட்டிக்கொள்வார்.
என் பெயரே வாகியெம், வாகேயில் பிறந்த பாவத்துக்கு.
மகளாவது தப்பட்டும் என்று ரினா என்று வைத்தேன்.
தப்பவில்லை.

செவ்வாய்க்கு மூன்று, வாகேக்கு நான்கு.
ஏழு என்று எழுதினார். அதற்குக் கீழே எண் கிடையாது.
பையன் சுகெங், சனி பாஹிங்.
ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. அதற்கு மேலே எண் கிடையாது.
கூட்டினால் இருபத்தைந்து.
மூவெட்டு இருபத்துநான்கு, மீதி ஒன்று.
ஒன்று என்றால் பெகாத்.
பெகாத் என்றால் அறுந்துபோவது.
போதாக்குறைக்கு, வாகேயும் பாஹிங்கும்
ஒரே கூரையின்கீழ் படுக்கக் கூடாதாம்.

அதனால்தான் மணி கேட்கிறார்.
பொழுது சாய்ந்தால் எங்களுக்கு நாள் மாறிவிடும்.
நள்ளிரவுவரை காத்திருப்பது அரசாங்கத்தின் வழக்கம்.
அன்று பள்ளிவாசல் முரசு கேட்டபின் அவள் பிறந்திருந்தால்
அது செவ்வாய் அல்ல, புதன்.
வாகே அல்ல, கிளிவோன்.

முரசு கேட்டதா?

என்ன கேள்வி இது.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கடவுளைக் கூப்பிட்டும் கணவனைத் திட்டியும்
நான் போட்ட சத்தத்தில்
முரசுக்குத்தான் நான் கேட்டிருப்பேன்.
அவர் அப்போது சுமத்ராவில், செம்பனைத் தோட்டத்தில்.
மருத்துவச்சி பதிவேட்டில் ஒரே சொல்: மாலை.
மாலைக்கு எத்தனை நிமிடம்?

கேட்டது, என்றேன்.
கேட்டு ஓய்ந்தபிறகுதான் இவள் அழுதாள்.
ரினா சட்டென்று என்னைப் பார்த்தாள்.
பொய் சொன்னால் நான் தலைத்துணியைச் சரிசெய்வேன்,
அது அவளுக்குத் தெரியும்.

கார்யோ அழித்தார், எழுதினார்.
புதனுக்கு ஏழு, கிளிவோனுக்கு எட்டு.
பதினைந்தும் பதினெட்டும் முப்பத்துமூன்று.
நாலெட்டு முப்பத்திரண்டு.
மீதி
ஒன்று.

பொய்யும் சொன்னேன், போணியும் ஆகவில்லை.

ரயில் போனது. டம்ளர்கள் பேசின.
குளிர்பெட்டி பழுதுபார்க்கும் அந்தப் பையன்
நகத்திலிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ரினா அவன் பக்கம் திரும்பவே இல்லை.
திரும்பாமல் இருந்த விதத்தில்
எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவன் அம்மா தர்மி,
நாங்கள் வந்ததிலிருந்து வாய் திறக்காதவள்,
வேர்க்கடலை உடைத்தபடி சொன்னாள்:
இவன் பிறந்தபோதும் விளக்கு ஏற்றியிருந்தார்கள்
என்று நினைக்கிறேன்.

நினைக்கிறாயா?
ஏற்றியிருந்தார்கள்.
இருபத்தெட்டு வருஷமாகச் சனி என்றாயே?
சனிதான். கேட்டவர்கள் கிழமையைக் கேட்டார்கள்.
வெளிச்சம் இருந்ததா என்று யார் கேட்டது?

கார்யோ பென்சில் முனையை நாக்கில் நனைத்தார்.
சனி போய் ஞாயிறு, ஐந்து.
பாஹிங் போய் பொன், ஏழு.
பன்னிரண்டும் பதினைந்தும் இருபத்தேழு.
மூவெட்டு போக மூன்று.
மறுபடி ஒருமுறை வகுத்துப் பார்த்தார்.
ஜோடோ, என்றார் மெதுவாக,
தன் பென்சிலையே நம்பாதவர்போல.
ஒருவருக்கென்றே ஒருவர்.

மகளைப் பழைய ஏழுக்கே திருப்பி வைத்து
மனக்கணக்குப் போட்டேன்.
பத்தொன்பது. அப்போதும் மூன்றுதான்.
ஆக, என் பொய் தேவையே பட்டிருக்கவில்லை.
அவளுடையது ஒன்று போதும்,
அது பொய்யாக இருந்தால்.

தர்மி என்னைப் பார்க்கவில்லை.
உடைத்த கடலையில் பாதியை
என் தட்டில் தள்ளினாள்.

வெளியே வந்தபோது
வேலிக்கு அப்பால் எது பகல் எது இரவு என்று தெரியவில்லை.
ரினா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.
முரசு அடித்துவிட்டார்களா அம்மா, என்றாள்.
ரயில் போய்க்கொண்டிருந்தது.
எனக்குக் கேட்கவில்லை.