வச்சிருக்கேன்

கத்தியைக் கிடுகில் செருகினேன்.
டார்ச்சை ஆணியில் மாட்டினேன்.
நீ நண்டு வலையைப் போட்டாய்
மனோலித் தீவுக்குத் தெற்கே நாலு பாகத்தில்.
மேலே ஒரு தெர்மாகோல் துண்டு,
அதில் கிழிந்த சிவப்புப் பாவாடைக் கொடி.
இருட்டிலேயே நேரே போய் எடுத்துவிடுவாய்.

வீட்டுக்குள் வந்து கேட்கிறாய்:
"ஜெசிந்தா, சங்கிலிய எங்க?"

"வச்சிருக்கேன்."

நல்லவேளை, நம் பேச்சில் அந்த ஒரு சொல் போதும்.
பெட்டியிலா, அரிசிக்குள்ளா,
மண்டபத்து அடகுக்கடையிலா
என்று அது சொல்வதில்லை.

இஞ்சின் மக்கர் செய்த மாதம்
படகு கரையில் நின்றது,
வலை மணலில் கிடந்தது,
காய்ச்சலில் நீயும் கிடந்தாய்.
நான்தான் இருந்தேன்.
இருக்கிறவள்தானே எதையாவது வைக்க முடியும்.

கழுத்தைப் பார்த்தாய்.
கொஞ்ச நேரம் சும்மா நின்றாய்.
பிறகு,
"சீட்டு எங்க?"

அதைத்தான் காலையிலிருந்து தேடுகிறேன்.
அரிசியைக் கொட்டியாயிற்று,
மாதா படத்தைக் கழற்றியாயிற்று.
ஐஸ் பெட்டிக்கு அடியில்
இப்போது நீ கை விடுகிறாய்.

கொடி கட்டாமல் எதையும் போடாதே என்பாய்
எப்போதும்.
இன்றைக்குச் சொல்லவில்லை.